எதிர்க்கடையில் அப்பா

அப்பா அண்ணனைப் பாராட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்னைப் பாராட்டாத நாளும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் செல்லப்பெண், அண்ணன் திட்டு வாங்கியே வளர்ந்த பாவப்பட்ட பிள்ளை. அந்த வீட்டில் உண்மையில் கொடுத்துவைத்தவர் யார் என்பது எனக்குத்தான் தெரியும். அவன்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவுக்கு முடிதிருத்தும் தொழில். எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு தகரப்பெட்டிதான். கத்தரி, சவரக்கத்தி, அதைத் தீட்டுகிற தோல்பட்டை, பல் போன ஒரு சீப்பு, விளிம்பு உடைந்த கண்ணாடி எல்லாம் அதற்குள் அடக்கம். பேருந்து நிலையத்தின் பின்சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டி, ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுத் தொழிலைத் தொடங்கினார். மழை பிடித்துக்கொண்டால் பாதி வெட்டிய தலையோடு ஆளை இழுத்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு ஓடுவாராம். வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே மீதித் தலையையும் முடித்துக்கொடுப்பாராம். "அந்த ஆளு டிக்கெட்டும் எடுத்தான், தலையும் வெட்டிக்கிட்டான். ஒரே வரிசை!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு சைக்கிள் பழுதுபார்க்கிறவர் ஒருவரோடு ஒரே கடையை ஆளுக்குப் பாதியாக எடுத்தார். அவர் பக்கத்து எண்ணெய் வாசனையும் இவர் பக்கத்துச் சோப்பு வாசனையும் சண்டை போட்டுக்கொள்ளும். அதற்கப்புறம்தான் கடைத்தெருவில் சொந்தமாக ஓரிடம். முன்னால் இரண்டு நாற்காலி போட்ட கடை, பின்னால் எங்கள் வீடு. நடுவில் ஒரு கதவு.

அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நின்றே ஒரு பெரிய குடும்பத்தைக் கரையேற்றினார். சித்தப்பா திடீரென்று போய்ச்சேர்ந்தபின் சித்தியும் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அத்தையின் கல்யாணம், அந்தப் பிள்ளைகளின் படிப்பு, எங்கள் படிப்பு எல்லாம் அவருடைய இரண்டு கால்களின்மேல்தான் நின்றன. கெண்டைக்காலில் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தால் வாளிக்குள் காலை விட்டபடி, "அந்த எழுதுபொருள் கடைக்காரனுக்கு உச்சியில சுழி ரெண்டு. படியவே மாட்டேங்குது" என்பார். உட்கார்ந்து சாப்பிட்டு அவரைப் பார்த்தது அபூர்வம். நின்று நின்றே பழகிப்போய், சாப்பாட்டுத் தட்டையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார்.

யார் பெரிய வீடு கட்டினாலும், கார் வாங்கினாலும் அவருக்கு ஒன்றும் தோன்றாது. வாழட்டும் என்று விட்டுவிடுவார். ஆனால் வேறு ஒருவன் கையால் நன்றாக வெட்டப்பட்ட ஒரு தலையைப் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது.

அண்ணன் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு கடைக்கு வந்தான். அப்பாதான் ஆசையாகக் கூப்பிட்டார். "எனக்கப்புறம் யாருடா? நீதானே" என்றார். கொஞ்ச காலம் நுரை கலக்கினான், கத்தி தீட்டினான். பிறகு இரண்டாவது நாற்காலியை அவனிடம் ஒப்படைத்தார். ஆரம்பத்தில் அப்பாவின் நாற்காலியில் ஆள் இருந்தால்தான் அவனிடம் வருவார்கள். கொஞ்சநாளில் அவன் நாற்காலியும் காலியாக இல்லை.

நான் பின்கதவு ஓரமாக நின்று இதையெல்லாம் பார்ப்பேன். துண்டுகளை வேகவைத்துத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கடைக்குள் கொண்டுபோய் அடுக்குவது என் வேலை. துண்டை அடுக்க ஒரு நிமிஷம் போதும். நான் வேண்டுமென்றே நேரம் கடத்துவேன். அண்ணன் சீப்பால் முடியை ஏந்துகிற விதம், கத்தரியின் நுனி மட்டும் திறந்து மூடுகிற விதம், எல்லாம் எனக்கு மனப்பாடம். சித்தியின் பிள்ளைகளுடைய தலைகள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆரம்பத்தில் ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் சித்தியே "உன்கிட்டயே வெட்டிக்கட்டும், கடைக்கு எதுக்கு?" என்று அனுப்ப ஆரம்பித்தாள்.

ஒருநாள் அப்பா அந்தத் தலைகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "அடடே! என் பொண்ணு கையப் பாரேன். என்ன அழகா வெட்டியிருக்கா!" என்று என் கன்னத்தைத் தட்டினார். நான் மிதந்தேன். சற்று நேரம் கழித்துக் கடையிலிருந்து அவர் குரல் கேட்டது. அண்ணனைத்தான். "பின்கழுத்துல கோடு போட்டிருக்கியா, வாய்க்கா வெட்டியிருக்கியா? கிருதா ரெண்டும் ஒரே உயரமாடா இருக்கு? கண்ணை எங்க வெச்சிருக்கே?" இடைவெளி இல்லாமல் திட்டிக்கொண்டே இருந்தார். கதவிடுக்கில் அந்தத் தலையைப் பார்த்தேன். நான் வெட்டியதைவிடப் பத்து மடங்கு நன்றாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கிடைத்தது குழந்தை கிறுக்கிய படத்துக்குக் கிடைக்கிற பாராட்டு. அவனைத் திட்டும்போது அவர் குரலில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பயம் வளர்ந்தது. பள்ளித் தலைமையாசிரியர் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. ஒரு காலைவேளையில் அவர் வந்தபோது அப்பாவின் நாற்காலி காலி. அண்ணன் யாருக்கோ வெட்டிக்கொண்டிருந்தான். அப்பா துணியை உதறி, நாற்காலியைத் துடைத்து, "வாங்க சார், உக்காருங்க" என்றார்.

தலைமையாசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். "பரவால்ல மாஸ்டர். தம்பி முடிக்கட்டும்."

"நான் சும்மாதானே சார் இருக்கேன்?"

"அவசரம் இல்ல மாஸ்டர். பேப்பர் படிச்சிட்டிருக்கேன்."

"அது நேத்து பேப்பராச்சே சார்."

தலைமையாசிரியர் நேற்றைய செய்தித்தாளுக்குள் முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டார். அப்பா உதறிய துணியை மெல்ல மடித்துவைத்தார். அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. அன்று மத்தியானம் அப்பா கையில் ஏந்திய தட்டை அப்படியே சாப்பிடாமல் கழுவப் போட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கடைத்தெருவில் நடப்பதே தண்டனையாகிவிட்டது. வேறு தொழிலில் போட்டியாளன் செய்த வேலை அவன் கடைக்குள்ளேயே கிடக்கும். இந்தத் தொழிலில் அது ஊர் முழுக்க நடமாடும். முன்னால் போகிறவனின் பின்கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது தன் கையா, மகன் கையா என்று அவருக்குத் தெரிந்துவிடும். காய்கறி வாங்கப் போனால் வரிசை முழுக்க அண்ணனின் கை. வங்கிக்குப் போனால் கவுண்டருக்கு உள்ளேயும் வெளியேயும் அண்ணனின் கை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இந்த ஊர்ல தொப்பி போடற பழக்கமே இல்லையா?" என்று எரிந்து விழுவார்.

"கத்தரியை அவ்ளோ சத்தம் போட வெச்சா கூட்டம் வரத்தான் செய்யும்" என்று அண்ணனிடம் பாய்வார். "முடி வெட்டுறியா, தாளம் போடுறியா?"

அண்ணன் மறுநாளிலிருந்து சத்தமே இல்லாமல் வெட்டினான். அப்போதும் கூட்டம் வந்தது. அதுதான் அப்பாவால் தாங்கமுடியாமல் போனது.

ஜவுளிக்கடைக்காரர் மகனின் கல்யாணத்தில் அது வெடித்தது. ஜவுளிக்கடைக்காரர் மாப்பிள்ளையாக இருந்தபோது அவருக்கு முடி வெட்டி அனுப்பியவர் அப்பாதான். மகன் கல்யாணத்துக்கும் தன்னைத்தான் அழைப்பார்கள் என்று நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். கடைப்பையன் ஒருவன் வந்து வாசலில் நின்று, "சின்ன மாஸ்டரை வீட்டுக்கு வரச்சொன்னாங்க" என்றான்.

"யாரை?"

"சின்ன மாஸ்டரை."

அண்ணன் சட்டென்று, "அப்பா வருவாரு. எனக்கு இங்க வேலை இருக்குன்னு சொல்லு" என்றான். அவன் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னான். அதைவிட மோசமாக எதையும் அவன் சொல்லியிருக்கமுடியாது.

"நீ விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கணுமா?" என்றார் அப்பா. "உன்னைத்தானே கூப்பிட்டாங்க? போ. போய் நல்லா வெட்டிட்டு வா."

அண்ணன் போனான். அப்பா தன் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தகரப்பெட்டிக்குள் வைத்தார். அம்மா பின்கதவில் வந்து நின்றாள்.

"எதிர்ல அந்தக் கடிகாரக் கடை காலியாத்தான் இருக்கு. பேசிட்டு வரேன்" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? தொழில் பண்ணத்தான்."

"அப்ப இந்தக் கடை?"

"இது உன் மகன் கடை."

"ஓஹோ. இப்ப என் மகனாயிட்டானா?" என்றாள் அம்மா. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்துபோனார். பேரன் பேத்தி எடுத்து ஓய்ந்து உட்காரவேண்டிய வயது அவருக்கு.

ஊரே சிரித்தது. மகனுக்கு எதிர்க்கடை போட்ட அப்பாவை அதுவரை யாரும் கண்டதில்லை. மூடிப்போன ஒரு சலூனிலிருந்து சுழல்நாற்காலி வாங்கினார். ஒன்று போதும் என்றார்; ஜோடியைப் பிரிக்கமாட்டோம் என்று இரண்டையும் தலையில் கட்டிவிட்டார்கள். 'பெரிய மாஸ்டர் சலூன்' என்று பலகை எழுதி மாட்டினார். 'பெரிய' என்ற சொல் மட்டும் தெருக்கோடியிலிருந்து தெரியும்.

அண்ணன் சுவரில் ஒரு மின்விசிறி மாட்டினால் அப்பா கடையில் இரண்டு சுழலும். அண்ணன் ரேடியோ வைத்தால் அப்பா அதைவிடச் சத்தமான ரேடியோ வைப்பார். பத்திரிகைகளிலிருந்து படங்களைக் கத்தரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு புதுப்புது வெட்டுகளைக் கற்றார். விடிந்ததும் விடியாததுமாகக் கடையைத் திறந்து, எதிர்க்கதவு இன்னும் மூடியிருப்பதைப் பார்த்து ஆனந்தப்படுவார். கால்வலி என்று சொல்வதே நின்றுவிட்டது. "இந்த மனுஷனுக்கு வயசு குறைஞ்சிட்டே வருது" என்றாள் அம்மா. வாடிக்கையும் திரும்பியது. பழைய ஆட்கள் மட்டுமில்லை, படத்தில் பார்த்த மாதிரி வேண்டும் என்று கேட்ட இளவட்டங்களும் வந்தார்கள்.

அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். தினமும் இரண்டு சாப்பாட்டு அடுக்கு. அப்பா மூடியைத் திறக்குமுன்னே, "அங்க என்ன குடுத்தே?" என்பார். இரண்டிலும் ஒரே சாப்பாடுதான் என்று அவள் அடித்துச் சத்தியம் செய்யவேண்டும். "நம்பலைன்னா தெருவைத் தாண்டிப் போய் மோந்து பாருங்க" என்பாள். தபால்காரருக்கு இன்னொரு விதத் திண்டாட்டம். அவர் இரண்டு பேருக்கும் வேண்டியவர். ஒரு தடவை இந்தக் கடை, மறுதடவை அந்தக் கடை என்று முறை வைத்திருந்தார். எதிர்க்கடையில் வெட்டிக்கொண்ட சமயத்தில் தபால் கொடுக்க வந்தால் பின்பக்கத்தைக் காட்டாமலே, வந்த வழியே பின்னோக்கி நடந்து வெளியேறுவார்.

நான் அப்போது கல்யாணமாகி அடுத்த தெருக்களில் ஒன்றில் இருந்தேன். கணவர் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டு முன்னறையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலிக்கு மேல் மணைப்பலகை போட்டு, கத்தும் குழந்தையைக் கணவர் வேடிக்கை காட்டிக்கொண்டிருக்க, அதன் தலையில் கோணாமல் கோடெடுப்பேன். பெரியவர்கள் தலையைவிட அது கஷ்டம். ஆனால் அதைத் தொழில் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அப்பாவின் கடையில் இரண்டாவது நாற்காலி உறை போட்டபடியே கிடந்தது. ஒருநாள் போய்க் கேட்டேன்.

"அப்பா, அந்த நாற்காலியில நான் நிக்கட்டுமா?"

"எந்த நாற்காலி?" என்றார். அவர் கண் எதிர்க்கடையின் பெஞ்சில் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"இதோ, சும்மா கிடக்கே. ஆம்பளைங்களுக்கும் நான் வெட்டுவேன்ப்பா."

சிரித்தார். அன்பான சிரிப்பு. "உனக்கெதுக்கும்மா இந்தக் கால் கடுக்கற பொழப்பு? நீதான் வீட்லயே ராணி மாதிரி பண்றியே. கையும் அழகான கை."

"அழகான கைன்னா இங்க வேலை குடுங்களேன்."

"குடுக்கறேன் குடுக்கறேன்" என்றார். அவ்வளவுதான். மறுபடி கண் எதிர்ப்பக்கம் போய்விட்டது. நான் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தேன், அவர் தெருவுக்கு அந்தப்பக்கம் இருந்த அண்ணனோடு இருந்தார்.

நேராக அண்ணன் கடைக்குப் போனேன். கடைக்குள் யாருமில்லை. அண்ணன் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன்னை மாதிரி அதிர்ஷ்டசாலி யாரும் கிடையாது" என்றேன்.

"நானா?" அவன் முகம் சுருங்கியது. "வெட்டின தலையெல்லாம் தப்புன்னு சொன்ன ஆளு, இப்ப எதிர்ல உக்காந்து என்னை முறைச்சுப் பார்த்துட்டே இருக்காரு. இதுல அதிர்ஷ்டம் எங்க வந்துச்சு?"

"காலையில எழுந்ததும் அவருக்கு உன் நெனப்பு. தூங்கப் போறப்பவும் உன் நெனப்பு. என்னை எப்பவாவது முறைச்சிருக்காரா?"

"உன்னைக் கொண்டாடறாரு. 'பொண்ணு கை'ன்னு ஊரெல்லாம் சொல்றாரு. எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 'பரவால்லடா'ன்னு சொல்லியிருக்காரா? நீ வந்து என்கிட்ட பொறாமைப்படறே!"

"எனக்குக் கிடைச்சதை நீ எடுத்துக்கோ. உனக்குக் கிடைச்சதை எனக்குக் குடு."

"முடிஞ்சா எடுத்துக்கோம்மா" என்றான் அவன், அலுப்போடு.

கொஞ்சகாலம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் அப்பா தன் கடையில் தரை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவசரமாக நடந்து, வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எதிர்க்கடையிலிருந்து முதலில் ஓடிவந்தவன் அண்ணன்தான். அவனும் நானுமாகத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வலியில் முனகிக்கொண்டே அப்பா அவனிடம், "உன் கடையை யாரு பாக்கறா?" என்றார். "மூடிட்டு வந்துட்டேன்ப்பா" என்றான். அப்பா முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் படுக்கவைத்தோம். மறுநாள் அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு நான் போய் எதிர்க்கடையைத் திறந்தேன். உறையை எடுத்தேன். அப்பாவின் நாற்காலியைத் தொடவில்லை. இரண்டாவது நாற்காலியின் பின்னால் நின்றேன். முதலில் என் பழைய வாடிக்கைப் பெண்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய மாஸ்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டு நழுவினார்கள். கடை திறந்திருப்பதை அம்மா சொன்னதும் அப்பா, "நல்லதுதான். பாவம், அவளுக்கும் பொழுதுபோகணும்ல" என்றாராம். அதைக் கேட்டதும் இன்னும் விடக்கூடாது என்று ஒரு வெறி வந்தது.

முதலில் துணிந்து உட்கார்ந்தவர் தபால்காரர். அவருடைய முறைப்படி அந்தத் தடவை அப்பா கடையின் முறை. "முறை மாறக்கூடாதும்மா, அப்புறம் எனக்கே குழம்பிடும்" என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் தலையில் முன்பக்கம் முடி மெலிந்து, பின்பக்கம் அடர்ந்து கிடக்கும். அண்ணன் அதை மட்டமாக எடுத்துவிடுவான். நான் பின்பக்கத்தை மெல்ல மெல்லக் கரைத்துக் கொண்டுவந்து, பக்கவாட்டில் கொஞ்சம் கனம் விட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தவர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் அப்பாவை நலம் விசாரிக்க வந்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். போகும்போது பழக்கதோஷத்தில் பின்னோக்கி நடந்தார் போலிருக்கிறது.

"எதுக்கு அப்படிப் போறீங்க? அவன்கிட்ட வெட்டிக்கிட்டீங்களா? திரும்புங்க" என்றது அப்பாவின் குரல்.

"இல்ல மாஸ்டர், இது..."

"திரும்புங்கன்னேன்ல."

பிறகு, "இது அவன் கையில்லையே. யாரு கை?" என்றார்.

"உங்க பொண்ணு கைதான் மாஸ்டர்."

தபால்காரர் போய்விட்டார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, "கழுத்துக்கிட்ட அவ்ளோ மெலிசா எடுக்கச் சொன்னது யாரு?" என்றார்.

"அவருக்கு அப்படித்தான்ப்பா நல்லாருக்கும்."

"நல்லாருக்கும்னு நீ முடிவு பண்ணிட்டியா? காதுக்குப் பின்னால ஏத்தி எடுத்திருக்கே. எதுக்கு? எல்லாம் தெரிஞ்ச மாதிரி! கத்தரி பிடிச்சவங்க எல்லாரும் மாஸ்டராயிட முடியாது, தெரிஞ்சுக்கோ."

நான் சமையலறைக்கு ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா பதறி, "திட்டினாரா? உன்னையா? உடம்பு முடியாத மனுஷன், மனசுல வெச்சுக்காதே" என்றாள். நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அழுதேன்தான். ஆனால் அன்றைக்குப் போல நான் சந்தோஷமாக இருந்தது குறைவு.

மணிக்கட்டு சேர்ந்தது, ஆனால் விறைத்துப்போய்ச் சேர்ந்தது. அப்பா கடைக்குத் திரும்பி, தன் நாற்காலியில் சவரமும் எளிய வெட்டும் செய்தார். பக்கத்தில் நான். பெஞ்சில் ஆட்கள் எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அண்ணன் இத்தனை வருஷம் எதைச் சுமந்தான் என்று. என் நல்ல சீப்பு காணாமல் போகும்; அவர் பெட்டிக்குள் கிடக்கும். நான் வெட்டி முடித்த தலையை வாசல்வரை கூடப்போய்ப் பரிசோதிப்பார். "இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே, நான் சரிபண்ணட்டுமா?" என்று வாடிக்கையாளரிடமே கேட்பார். கூட்டம் அதிகமான நாட்களில் என்னோடு பேசமாட்டார். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கண்ணாடியில் தெரிகிற என் பிம்பத்திடம் சொல்வார். ஆசைப்பட்டு வாங்கியது, திருப்பிக்கொடுக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இந்தச் சமயத்தில் ஒருநாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னண்ணா?"

"அப்பா கடைக்கு வந்தாரு. நான் ஒருத்தருக்கு வெட்டிட்டிருந்தேன். நின்னு பார்த்தாரு."

"திட்டினாரா?"

"பாராட்டினாரு." "'உன் கை கைதான்டா'ன்னு சொல்லிட்டுத் தோளைத் தட்டிட்டுப் போறாரு. நான் அவ்வளவு மோசமாயிட்டேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடித்தபிறகு அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் பார்வை பழக்கமானது. பின்கதவு ஓரம் நின்று அவன் கைகளை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

அப்பாவின் தலைமுடி எங்கள் இருவர் கைக்கும் எட்டாத ஒன்றாக இருந்தது. அதற்குக் காரணம் பக்கத்து ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒருவர். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, பேருந்தில் முன் இருக்கையில் இருந்தவரின் பின்கழுத்தைப் பார்த்து அப்பா மெய்மறந்துவிட்டாராம். யார் வெட்டியது என்று விசாரித்து, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, அந்த ஆளைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தன் முடியை அவரிடம் மட்டும்தான் கொடுத்தார். பொறாமைப்பட்டுக்கொண்டே போவார், பொறாமைப்பட்டுக்கொண்டே திரும்புவார்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர் காலமானார். அப்பா துக்கத்துக்குப் போய்விட்டு வந்து, "நல்ல கை" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவர் முடி வளர ஆரம்பித்தது.

"அப்பா, உக்காருங்க, ஒரு நிமிஷம்தான்" என்று நான் கேட்டேன். "அப்பா, நான் வீட்லயே வெச்சு வெட்டிவிடறேன்" என்று அண்ணன் கேட்டான். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று தனித்தனியாகக் கேட்டோம். அம்மாதான் காட்டிக்கொடுத்தாள். "காலையில அவன், சாயங்காலம் நீ. பிச்சைக்காரங்க மாதிரி அவர் தலையைச் சுத்திச் சுத்தி வரீங்க!" வெள்ளை முடி காதை மூடி, சட்டைக் காலரில் புரண்டது. ஊரிலேயே முடி வெட்டாத ஆள் பெரிய மாஸ்டர்தான் என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். அவன் கைக்கு அவர் தலை போய்விடுமோ என்று எனக்கு. என் கைக்கு வந்துவிடுமோ என்று அவனுக்கு. அவன் வாரம் தவறாமல் நல்ல சாப்பாடு வாங்கிவந்து கொடுத்தான் என்று தெரிந்ததும் நான் தினமும் கொடுக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு பிற்பகலில் அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி வைத்து, விறைத்த மணிக்கட்டால் தானே வெட்டிக்கொண்டார். வெளியே வந்தபோது முன்பக்கம் குற்றம் சொல்லமுடியாது. பின்பக்கம் கோடு இடதுபக்கம் உயர்ந்து, வலதுபக்கம் சரிந்து, நடுவில் ஒரு படிக்கட்டே இருந்தது. நானும் அண்ணனும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தோம். "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்குப்பா" என்றோம் இரண்டு பேரும்.

சந்தேகமாக எங்களைப் பார்த்தார். நாங்கள் பாராட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை. நாற்காலியில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். நல்ல வயது, நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். வந்து நின்றவர்களில் அவர் கைபடாத தலை குறைவு. சித்தியின் பிள்ளைகள் வெளியூர்களிலிருந்து வந்து, அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தலைமையாசிரியர் தள்ளாத வயதில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, வெகுநேரம் தலைகுனிந்து நின்றார்.

கூட்டம் கொஞ்சம் விலகியபோது நான் அவர் தலைமாட்டுக்குப் போனேன். தலையணையில் முகத்தைச் சற்று ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருந்ததால் அந்தக் கோணல் கோடு தெரிந்தது. அத்தனை பேரும் பார்க்கிறார்களே, ஒரே ஒரு முறை சரிசெய்துவிடலாம் என்று இடுப்பிலிருந்து சீப்பை எடுத்தேன். நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான். அவன் கையிலும் சீப்பு. மறுகையில் கத்தரி.

"நான் பாத்துக்கறேன்" என்றான்.

"நீ எதுக்கு? நான்தானே கடைசிவரைக்கும் பக்கத்துல நின்னேன்?" என்றேன்.

"நான்தான் மூத்தவன்."

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்தாள். அழுது வீங்கிய முகம். எங்கள் இருவருக்கும் நடுவே கையை நீட்டி, அவர் நெற்றியில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் தொடக்கூடாது. அது அவரு வெட்டினது. அப்படியே போகட்டும்."

அண்ணன் கத்தரியைச் சட்டைப்பைக்குள் போட்டான். சீப்பைக் கீழே வைத்தான். அவன் வைத்ததைப் பார்த்தபிறகுதான் நானும் வைத்தேன்.